உலோகம் மட்டும்

டென்மார்க்கில் தமிழர்கள் செய்து பார்க்காத வியாபாரம் இல்லை. ஆனால் செத்தவர்களோடு ஏற்றுமதி வியாபாரம் செய்தவர் என்று பெயர் எடுத்தவர் ஒருவர்தான். ஹோர்சன்ஸில் அவரை எல்லோரும் மிச்சம் அண்ணை என்போம். அவருடைய சொந்தப் பெயர் சம்பளத் துண்டில் இருந்திருக்கும். அதை அவரே மறந்துவிட்டார் என்று யாராவது சொன்னால் நான் நம்பியிருப்பேன்.

நானும் அவரும் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்கினோம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சாப்பாட்டு அறையில் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர், என் பாணுக்குள் இருந்த சீஸை நோயாளியைப் பார்க்கும் டொக்டர் மாதிரிப் பார்த்தார்.

"உது இறக்குமதி. உம்மட வீட்டிலை இருந்து வெளியிலை என்ன போகுது?" என்று கேட்டார்.

குப்பை போகிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப மிச்சம் எங்கை, தம்பி?" என்றார் கவலையோடு.

அந்தப் பெயர் வந்த வழி அதுதான்.

அவர் யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்கு வணிகம் படித்தவர். பொருளாதாரப் பாடத்தின் முதலாம் அதிகாரம், நானூறு வருடங்களுக்கு முந்தைய இங்கிலாந்து வியாபாரிகள் எப்படி யோசித்தார்கள் என்பது. ஒரு நாடு பணக்கார நாடாவதற்கு அவர்கள் கண்ட வழி ஒன்றுதான். அந்நியனிடம் வாங்குவதைவிட அந்நியனுக்கு விற்பது கூடுதலாக இருக்க வேண்டும். அந்த மிச்சம் பொன்னாகவும் வெள்ளியாகவும் கப்பலேறி வரும். நாட்டுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்வதில் பிரயோசனம் இல்லை. அது வலது பையில் இருப்பதை எடுத்து இடது பையில் போடுகிற வேலை. இரண்டாம் அதிகாரத்தில் வேறு அறிஞர்கள் வந்து இதெல்லாம் பிழை என்று காட்டுவார்களாம். அதைத் தொடங்க முன்னரே நாட்டில் பிரச்சினை முற்றிப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். மிச்சம் அண்ணை நாட்டை விட்டு வெளிக்கிட்டுவிட்டார். ஆகவே மனிதர் வாழ்நாள் முழுக்க முதலாம் அதிகாரத்திலேயே குடியிருந்தார்.

இந்தச் சங்கதியில் அவருக்கு ஒரு சொந்தக் கோபமும் உண்டு. "எங்கட பக்கத்து மிளகையும் கறுவாவையும் ஏத்திக்கொண்டு போய் வித்துப்போட்டுத்தான் அவங்கள் உந்தத் தத்துவமெல்லாம் கண்டுபிடிச்சவங்கள். இப்ப எங்கட முறை" என்பார்.

மூன்றாம் மாடியில் இருந்த அவருடைய பிளாட்தான் ராச்சியம். வாசல் கால்மிதிதான் துறைமுகம். அவருடைய மனைவி சந்திரா அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். வேலை முடிந்து வரும்போது கையில் ஒரு பூங்கொத்து இருந்தால்கூட வாசலில் வைத்து விசாரணை நடக்கும். மகள் டேனிஷில் "அப்பா, மானம் போகுது" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

வீட்டுக்கு யாராவது ஏதும் கொண்டுவந்தால் அது இறக்குமதி. அதைவிடப் பெறுமதியான ஒன்று வெளியே போகாவிட்டால் ராச்சியம் கவிழ்ந்துவிடும். இதைக் கண்டுபிடித்த எங்கள் சனம் சும்மா இருக்குமா? ஒரு பிஸ்கட் பக்கற்றோடு போனவர்கள் ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறியோடு திரும்பினார்கள். சீனி முடிந்துவிட்டது என்று ஒரு கரண்டி உப்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஒரு பை சீனியோடு வந்தவர்களும் உண்டு. உலகத்துப் பொன்னையெல்லாம் சேர்க்கப் பிறந்த தத்துவத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இருந்ததையெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏற்றுமதி வலு சோக்காய் நடக்குது. வெள்ளி எப்ப வரும் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ" என்று சந்திரா அக்கா ஒரு நாள் என் முன்னாலேயே கேட்டார்.

"வரும்" என்றார் மிச்சம் அண்ணை.

வந்ததுதான் வினையாகப் போய்விட்டது.

நகரத்துக்கு வெளியே, பியோர்ட் என்கிற கடல்நீரேரிப் பக்கமாக, கொம்யூன், அதாவது நகரசபை, குத்தகைக்குக் கொடுக்கும் தோட்டத் துண்டுகள் இருக்கின்றன. அதில் கடைசித் துண்டை அவர் எடுத்தார். ஏனென்றால் அதுதான் எல்லை. அவருடைய வேலிச் செடிக்கு அங்கால் ஒரு சின்னத் தெரு, தெருவுக்கு அங்கால் உழுத வயல், வயலின் முடிவில் கறுப்பாக நிற்கும் ஊசியிலை மரங்கள். மரங்களுக்கு மேலே ஒரு காற்றாலை. பனிமூட்டம் இறங்கும் நாட்களில் அதன் தண்டு தெரியாது. பெரிய வெள்ளை இறக்கை ஒன்று மட்டும் எங்கிருந்தோ வந்து, ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கி, மறைந்துபோகும். அடுத்தது வரும்வரை நாம் மூச்சுவிட மறந்து நிற்போம்.

டென்மார்க்கில் கிராமத்துத் தெருக்களில் ஆளில்லாக் கடைகள் உண்டு. ஒரு மேசையில் உருளைக்கிழங்கோ முட்டையோ இருக்கும். எடுக்கிறவர்கள் காசை வைத்துவிட்டுப் போவார்கள். இப்போது காசுக்குப் பதில் ஒரு கைபேசி இலக்கம் எழுதியிருக்கும். அதற்கு அனுப்பிவிட வேண்டியதுதான். மிச்சம் அண்ணையும் வேலிக்கு வெளியே ஒரு மேசை போட்டார். பூசணிக்காய், பச்சை மிளகாய், தேசிக்காய் ஊறுகாய். எலுமிச்சை இனத்துத் தேசிக்காய் இந்தக் குளிரில் எந்தத் தோட்டத்தில் காய்த்தது என்று சந்திரா அக்கா கேட்டார். அது மறுஏற்றுமதி என்றும், வெள்ளியை வெளியே அனுப்பி மிளகை வாங்கி, அந்த மிளகை வேறு தேசத்துக்கு விற்று இன்னும் கூடுதலான வெள்ளி கொண்டுவருவதை அந்தப் பழைய வியாபாரிகளே ஒத்துக்கொண்டார்கள் என்றும் விளக்கம் வந்தது. அக்கா பாதியிலேயே எழும்பிப் போய்விட்டார்.

கைபேசி இலக்கம் எழுத மட்டும் அவர் மறுத்துவிட்டார். கண்ணாடியில் ஓடுகிற எழுத்தெல்லாம் செல்வமாகாது, கையில் பாரம் தெரிய வேண்டும் என்றார். ஒரு பலகையில் டேனிஷில் பெரிதாக எழுதிக் கட்டினார்: "தொலைபேசி வேண்டாம். உலோகம் மட்டும்."

நாணயக் குற்றிகளைத்தான் சொன்னார். அந்தச் சொல்லை எழுதியிருக்கலாமே என்று நான் கேட்டேன். நடுவில் ஓட்டை போட்ட குற்றியை வைத்திருக்கும் நாட்டுக்கு அந்தச் சொல்லின் பாரம் விளங்காது என்றார்.

என்னிடம் கார் இருந்ததால் சனிக்கிழமைகளில் நான்தான் அவரைக் கொண்டுபோய் விடுவேன். அந்த இலையுதிர் காலத்தில் ஒருவரும் வாங்கவில்லை. கார்கள் வேகத்தைக் குறைக்கும், பலகையை வாசிக்கும், வேகத்தைக் கூட்டும். குளிர் கூடியபோது, பழைய உடுப்புக் கடையில் ஒரு நீளமான மேலங்கி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். சாம்பல்பச்சை நிறம். இடது முழங்கையில் சிவப்புத் தோல் ஒட்டு. புதிதாக வாங்கினால் பெரிய இறக்குமதி, இது சின்ன இறக்குமதி என்றார்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மூட்டம் வயலை மூடித் தெருவையும் மூடத் தொடங்கியிருந்தது. மேசையில் ஊறுகாய்ப் போத்தல் ஒன்றைக் காணவில்லை. இருந்த இடத்தில் ஒரு தேக்கரண்டி கிடந்தது.

மிச்சம் அண்ணை அதை எடுத்துப் பார்த்தார். கடித்துப் பார்த்தார். காதருகே வைத்து நகத்தால் தட்டிக் கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார்:

"வெள்ளி, தம்பி."

கரண்டியின் காம்பில் ஒரு பெயர் வெட்டியிருந்தது. யென்ஸ். அதன் கீழே, தேய்ந்துபோன ஒரு பிறந்த திகதி. குழந்தைக்கு ஞானஸ்நானத்தின்போது கொடுக்கிற கரண்டி அது. எப்போதோ ஒரு யென்ஸ் அதில் கஞ்சி குடித்திருக்கிறான். வெகு காலத்துக்கு முன்.

அடுத்த சனிக்கிழமை இன்னொரு போத்தல் போயிருந்தது. இன்னொரு கரண்டி. மரி. அதற்குப் பிறகு ஒரு சின்னக் கிண்ணம், அதிலும் ஒரு பெயர். பிறகு தைக்கும்போது விரலில் மாட்டுகிற ஒரு வெள்ளி உறை. எல்லாம் துடைத்து மினுக்கி, மேசையின் நடுவில், யாரோ அளந்து வைத்ததுபோல நேராக வைத்திருந்தது. பூசணிக்காயை யாரும் தொடவில்லை. வந்தவர் யார், எப்போது வந்தார், ஒன்றும் தெரியாது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் குளிர்காலத்துக்குக் குடிசைகளைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு கார்த் தடம்கூட இல்லை.

மிச்சம் அண்ணைக்கு நித்திரை இல்லை, சந்தோசத்தில். சந்திரா அக்காவுக்கும் நித்திரை இல்லை, வேறு காரணத்தால். அந்தச் சாமான்களை வீட்டுக்குள் வைக்க அவர் விடவில்லை. ஒரு துணியில் சுற்றிப் பல்கனியில் வைத்தார்.

"பேர் வெட்டின சாமான். ஆற்றையோ பிள்ளையளின்ர வாயிலை வைச்சது. உயிரோடை இருக்கிற ஒருத்தர் உதை ஊறுகாய்க்குக் குடுப்பினமே?" என்றார் என்னிடம்.

நான் மிச்சம் அண்ணையைப் பார்த்தேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆளோ பேயோ, எல்லைக்கு அங்காலை இருந்து வந்தால் அது வெளிநாட்டு வியாபாரம்தான்."

இந்த வசனம் வெளியே போய்விட்டது. வடக்கே ஓல்போர்க் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, காலில்லாத ஒரு வெள்ளைக்காரி மிதந்து வந்து ஊறுகாய் வாங்குகிறாள் என்றாகியிருந்தது. தலைநகரத்துப் பக்கம் ஹ்விடோவ்ரேயில் ஒரு கலியாண வீட்டில், பேய்தான் கடை நடத்துகிறது, மிச்சம் அண்ணை போய் வாங்குகிறார் என்று எனக்கே ஒருவர் சத்தியம் பண்ணிச் சொன்னார். பகலில் சனம் கார் பிடித்து வந்து பார்த்தது. வந்தவர்கள் காரின் கண்ணாடியை இறக்காமல் பார்த்துவிட்டுப் போனார்கள்.

தன்னுடைய வாடிக்கையாளரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மிச்சம் அண்ணைக்கு வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் வேலிச் செடியோடு ஒட்டி நிற்பார். மணிக்கணக்காக, அசையாமல். அந்த மேலங்கியும் மூட்டமும் ஒரே நிறம். ஒரு முறை நான் காரில் சூடாக இருந்துவிட்டு இறங்கிப் போனபோது வேலியில் ஆளைக் காணவில்லை. அண்ணை என்று கூப்பிட்டேன். எனக்கு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்து "சத்தம் போடாதையும்" என்று ஒரு குரல் வந்தது.

அவருக்குப் பக்கத்தில் நானும் நின்றேன். மூட்டம் கொஞ்சம் விலகியது. வயலுக்கு அங்கால், ஊசியிலை மரங்களுக்கு நடுவில், ஒரு கூரை இருப்பதை அன்றுதான் கண்டேன். கூரையின் கீழ் ஒரு ஜன்னல். ஜன்னலில் ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சம்.

"அண்ணை, அங்கை ஒரு வீடு இருக்கு" என்று கையை நீட்டினேன்.

வெளிச்சம் அணைந்தது.

காற்றாலையின் இறக்கை ஒன்று இறங்கி மறைந்தது. நாங்கள் இருவரும் காருக்கு வந்தோம். அன்று போத்தல் எதுவும் போகவில்லை. அவர் நிற்கும்போது ஒருவரும் வருவதில்லை, அவர் போன பிறகு ஏதோ ஒரு நாளில் வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யாரோ நாங்கள் பார்ப்பதற்கு முன்னரே எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜனவரியில் மெல்லிய பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை. மேசையில் போத்தல் இல்லை. அதன் இடத்தில் ஒரு சாவி இருந்தது. உள்ளங்கை நீளத்தில் ஒரு பழைய இரும்புச் சாவி.

மிச்சம் அண்ணை அதைத் தொடவில்லை. கைகளை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். வெள்ளியைக் கடித்துப் பார்த்த மனிதர் இரும்புக்குப் பயந்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

"என்ன அண்ணை, உலோகம்தானே" என்றேன், அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று.

"சாவி சாமான் இல்லைத் தம்பி. சாவி எண்டால், வா எண்டு சொல்லுறது."

பனியில் தடங்கள் இருந்தன. சின்னக் கால்கள், பக்கத்தில் ஒரு ஊன்றுகோலின் துளைகள். வந்த தடமும் திரும்பிப் போன தடமும் வயலைக் குறுக்கே வெட்டி மரங்களுக்குள் போயின. பேய்க்கு ஊன்றுகோல் எதற்கு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்; அது பெரிய ஆறுதலாக இருக்கவில்லை. பொலிசுக்குச் சொல்வோம், போவோம் என்றேன். அவர் அதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கிவிட்டார்.

மரங்களுக்குள் சத்தமே இல்லை. பனி சத்தத்தை எல்லாம் விழுங்கிவிட்டிருந்தது. வீடு செங்கல் வீடு, பழையது. முற்றத்தில் பழைய இரும்பு குவிந்து கிடந்தது. கலப்பைகள், சைக்கிள் சட்டங்கள், ஒரு கட்டில், எல்லாவற்றின் மேலும் ஒரே அளவில் பனி. அந்தக் குவியலுக்குள் எதுவோ படுத்திருப்பதுபோல இருந்தது. மிச்சம் அண்ணை கதவைத் தட்டினார். பதில் இல்லை. இன்னொரு முறை தட்டினார். பிறகு சாவியைப் போட்டுத் திருப்பினார். கதவு லேசாகத் திறந்தது. நேற்று எண்ணெய் போட்டதுபோல.

உள்ளே மெழுகுதிரி எரிந்தது. மேசையில் இருவருக்குக் கோப்பை வைத்திருந்தது. கதவைப் பார்த்தபடி ஒரு கிழவி உட்கார்ந்திருந்தார். நேராக, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்களை மூடிக்கொண்டு.

முதலில் உயிர் இல்லை என்றுதான் நினைத்தேன்.

அப்போது அவர் கண்ணைத் திறக்காமலே டேனிஷில் பேசினார். "வந்துவிட்டாயா" என்றார். "ஒன்றும் பேசாதே. கொஞ்ச நேரம் அப்படியே நில்."

நான் மிச்சம் அண்ணையின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அவருக்கும் ஒன்றும் விளங்கியிராது. ஆனாலும் அவர் நின்றார். காதை மூடியிருந்த கம்பளித் தொப்பியை மெல்லக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றார். மெழுகுதிரி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கிழவியின் மூச்சுச் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அந்த மேலங்கியின் வாசம் சூட்டில் எழும்பியிருக்க வேண்டும். கிழவி அதை இழுத்து முகர்ந்தார்.

அவ்வளவு நேரமும் மிச்சம் அண்ணை ஒரு சொல் சொல்லவில்லை. எதற்கும் கணக்குக் கேட்கும் மனிதர்.

பிறகு கிழவி கண்ணைத் திறந்தார். மிச்சம் அண்ணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி" என்றார். "இப்போது சொல்லுங்கள், நீங்கள் யார்?"

அவருடைய பெயர் எல்லன். கோப்பி ஊற்றினார், மூன்றாவது கோப்பையும் எடுத்து வைத்தார். கதையை அவர் அழாமல்தான் சொன்னார். அவருடைய கணவர் பழைய இரும்பு சேர்க்கிறவர். எதைப் பார்த்தாலும் அது என்ன உலோகம் என்றுதான் கேட்பாராம். சுருட்டுக் குடிக்க வீட்டுக்குள் அனுமதி இல்லை; ஆகவே வயலைக் கடந்து போய், எல்லனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, தெருவோரத்து வேலியடியில் நின்று குடிப்பாராம். அவர் இறந்த பிறகு உடுப்புகளை எல்லன் நகரத்துப் பழைய உடுப்புக் கடைக்குக் கொடுத்துவிட்டார். மேலங்கியையும். இடது முழங்கையில் ஒட்டுப் போட வேறு நிறத் தோல் கிடைக்காமல் சிவப்பைத் தைத்தது அவர்தான்.

அதற்குப் பிறகு ஒரு மூட்டமான சனிக்கிழமை, மேல் ஜன்னலால் பார்க்கிறார். வேலியடியில் அந்த மேலங்கி நிற்கிறது.

அடுத்த நாள் ஊன்றுகோலோடு போய்ப் பார்த்தாராம். ஒருவரும் இல்லை. ஒரு மேசையும் ஒரு பலகையும் மட்டும். உலோகம் மட்டும் என்று எழுதியிருக்கிறது.

"அது அவரைத் தவிர வேறு யாராக இருக்க முடியும்?" என்றார் எல்லன். "அவருடைய குடும்பத்துக் கரண்டிகள். கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும்."

கரண்டிகள் முடிந்துவிட்டன, கிண்ணமும் முடிந்துவிட்டது. வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே நல்ல உலோகம் சாவி.

நான் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டேன். ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த மேலங்கி நிற்கும்போது ஒரு நாளாவது இறங்கி வந்திருக்கலாமே என்றேன்.

எல்லன் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிட்ட வந்தால் அது வேறு யாரோவாக இருந்துவிடும்" என்றார்.

மிச்சம் அண்ணை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய டேனிஷ் வெயார்ஹவுஸ் டேனிஷ். பெட்டி, பாரம், கவனம் என்பதைத் தாண்டி அதிகம் போகாது. அதை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஊறுகாயை என்ன செய்தீர்கள்?

தின்றேன் என்றார் எல்லன். "அவருடைய அடக்கத்தில் எனக்குக் கண்ணீர் வரவில்லை. ஊர் முழுக்க அதைக் கவனித்தது. உங்கள் போத்தலைத் திறந்து ஒரு கரண்டி வாயில் வைத்த அன்றுதான் வந்தது. நிற்கவே இல்லை. அதற்காகத்தான் பிறகும் பிறகும் வந்தேன்."

நாங்கள் புறப்பட்டபோது மிச்சம் அண்ணை மேலங்கியைக் கழற்றினார். நல்ல கதிரையாகப் பார்த்து அதன் முதுகில் போட்டார், தோள்கள் சரியாக உட்காரும்படி. எல்லன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பனியில், கம்பளிச் சட்டையோடு, பல் கிடுகிடுக்க அவர் வயலைக் கடந்தார். என் மேலங்கியைக் கொடுத்தேன். வாங்கவில்லை.

நகரத்தின் விளக்குகள் தெரியத் தொடங்கியபோது மிச்சம் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குக் கரண்டியளைக் கொண்டுபோய்க் குடுக்க வேணும். என்னைக் கூட்டிக்கொண்டு போவீரே?"

போவேன் என்றேன். பிறகு, அவருக்குக் கஷ்டமாக இருக்குமே என்று ஒரு வழி எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா பொருளை எடுத்துக்கொண்டுதானே வெள்ளி வைத்தார், முறையான வியாபாரம்தானே, வாழ்க்கையில் முதல் முறையாக உங்களுக்கு வந்த மிச்சம் இது, அண்ணை என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வெளிநாட்டோடை செய்தால்தான் மிச்சம். அந்த மனுசி இனி வெளிநாடு இல்லைத் தம்பி."

மறுநாள் எல்லன் கரண்டிகளை லேசில் வாங்கவில்லை. வியாபாரம் முடிந்த வியாபாரம் என்று பிடிவாதம் பிடித்தார். மிச்சம் அண்ணை அரைகுறை டேனிஷில் வாதாடினார். இரண்டு பேரும் கரண்டிகளை மேசையில் இங்கும் அங்கும் தள்ளினார்கள். கடைசியில் அன்று எங்களோடு வந்திருந்த சந்திரா அக்கா எழுந்து, எல்லாவற்றையும் எடுத்து, அலுமாரி லாச்சியைத் தானே திறந்து உள்ளே வைத்துச் சாத்தினார். பிறகு அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி வைக்கத் தொடங்கினார், தன்னுடைய வீடு மாதிரி. எல்லன் அவருக்குப் பின்னால் போனார். ஒருவர் யாழ்ப்பாணத் தமிழிலும் மற்றவர் அந்தப் பக்கத்து யூலாந்து டேனிஷிலும் என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. சந்திரா அக்காவுக்கு நல்ல டேனிஷ் தெரியும். ஆனால் அன்று அவர் தமிழில்தான் கதைத்தார். சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் தெருவோரத்து மேசையில் பூசணிக்காய் மட்டும்தான் இருந்தது. ஊறுகாய் வயலைக் கடந்து நேரே எல்லனின் வீட்டுக்குப் போனது. சிலவேளை எல்லன், "கொஞ்சம் ஜன்னலடியில் நில்லுங்கள்" என்பார். மிச்சம் அண்ணை அந்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு, வெளியே பார்த்தபடி நிற்பார். எல்லன் கண்ணை மூடிக்கொள்வார். அதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் பயமாக இருக்கும். அவர்கள் இரண்டு பேருக்கும் அது கோப்பி குடிக்கிற மாதிரி ஒரு சாதாரண வேலையாகிவிட்டது.

ஒரு நாள் வெளியே வரும்போது, சிரமமாக இல்லையா, செத்தவருக்குப் பதிலாய் நிற்பது என்று கேட்டேன்.

"நான் ஆருக்கும் பதிலாய் நிக்கேல்லை. நிக்கச் சொல்லிக் கேட்டவ, நிக்கிறன்" என்றார்.

இரண்டு குளிர்காலம் அப்படிப் போனது. ஒரு வசந்தத்தில் எல்லன் நித்திரையிலேயே போய்விட்டார். எங்கோ இருந்து உறவினர்கள் வந்தார்கள். அடக்கத்துக்கு எங்களையும் கூப்பிட்டார்கள். கறுத்த உடுப்புப் போட்ட டேனிஷ்காரர்களுக்கு நடுவில் மிச்சம் அண்ணை நிமிர்ந்து நின்றார், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல். வீட்டுக்கு வந்து மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, சோற்றில் ஊறுகாயைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். பிறகு சாப்பிடவில்லை. உறைப்பு என்றார் சந்திரா அக்காவிடம். அவரும் ஓம் உறைப்புத்தான் என்றார்.

இப்போது அவர்கள் ஹ்விடோவ்ரேயில், மகளின் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். அங்கே கட்டடங்கள் நெருக்கம், வயல் இல்லை, பேய் வர வழியில்லை என்று சந்திரா அக்கா திருப்தியோடு சொல்கிறார். மிச்சம் அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தொலைபேசி எடுப்பார். என்ன விசயம் என்றால் ஒன்றுமில்லை என்பார். பிறகு, "தம்பி, அங்கை மூட்டமே?" என்று கேட்பார்.

வெளியே நல்ல வெயில் எறிக்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பாமலே, "ஓம் அண்ணை, வயல் பக்கம் ஒண்டும் தெரியேல்லை" என்பேன்.